சபையில் ஒரு பேச்சு, பெட்டிக்குள் ஒரு பேச்சு: அரசவை வரலாற்றாசிரியர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய வரலாற்று நூல்களைப் படிக்கிறோம். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு லாரி ஓட்டுநர், படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள், மற்றவர்கள் என்னைப் போலத் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்து சேர்ந்தவர்கள். சில மாதங்களாக ஒரே விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அரசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவன் கதையை எழுதியவர்கள் ஊருக்கு என்ன எழுதினார்கள், மனசுக்குள் என்ன வைத்திருந்தார்கள்? புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அரசவை வரலாற்றாசிரியர் என்றால் சரியாக யார்?

நம்ம ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கிராணியை, அதாவது குமாஸ்தாவை, நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும். செக்ரோல், அதாவது ஆள் வருகையும் கூலியும் எழுதும் பேரேடு, அவர் கையில். யார் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார், யார் எத்தனை பவுண்டு ரப்பர் பால் கொண்டுவந்தார், தோட்டத்து மேனேஜரான துரை எப்போது ஜீப்பில் கிளம்பினார், எல்லாம் அவருக்குத் தெரியும். துரை மாற்றலாகிப் போகும்போது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வந்தனோபசாரப் பத்திரத்தை எழுதுகிறவரும் அவர்தான். "தந்தையினும் மேலாய் எங்களைக் காத்த" என்று அதில் வரும். அதே மனிதர் ராத்திரி வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார் என்பது வேறு.

என் தாத்தா இரண்டாம் கிராணியாக இருந்தவர். அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதியதற்கு நல்ல உதாரணம் யார்?

புரோகோபியஸ். இவரை விட்டால் இந்தப் பேச்சே இல்லை. பாலஸ்தீனத்துச் செசரியாவில் பிறந்தவர், ஜஸ்டினியன் பேரரசரின் தளபதி பெலிசாரியஸுக்குச் செயலாளர். ஜஸ்டினியன் 527 முதல் 565 வரை கான்ஸ்டான்டினோப்பிளில் ஆண்டவர், ஹகியா சோபியாவை 537-இல் கட்டி முடித்தவர்.

புரோகோபியஸ் போர்களைப் பற்றி எட்டுப் பகுதிகள் எழுதினார். அது ஊரறிய வெளிவந்தது, ஓரளவு நிதானமான எழுத்து. அப்புறம் பேரரசர் கட்டிய கட்டடங்களைப் பற்றித் தனியாக ஒரு நூல், முழுக்க முழுக்கப் புகழ்மாலை. ஹகியா சோபியாவின் குவிமாடம் கல்லின் மேல் நிற்பதாகவே தெரியவில்லை, வானத்திலிருந்து தொங்கவிட்டது போல இருக்கிறது என்கிறார். மூன்றாவதாக ஒன்றை எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்தார். அதைத்தான் இன்று 'ரகசிய வரலாறு' என்கிறோம். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியை வைத்து 1623-இல்தான் அச்சானது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து.

அந்த ரகசிய நூலின் தொடக்கத்திலேயே காரணத்தைச் சொல்லிவிடுகிறார். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போது எழுத முடியாது, ஒற்றர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிடிபட்டால் கொடூரமான சாவு, நெருங்கிய உறவுக்காரர்களைக்கூட நம்ப முடியாது. இதைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லாரி ஓட்டுநர் அண்ணன்தான், "சொந்தக்காரனையே நம்ப முடியலன்னா அவரு பேப்பர எங்கதான் ஒளிச்சு வச்சாரு?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. கடலோரத்தில் ஜஸ்டினியன் எழுப்பிய கட்டடங்களை ஒரு நூலில் மெச்சுகிறார். மற்றதில், கடலுக்குள் கல்லைக் கொட்டி மக்கள் பணத்தை அலையில் கரைத்தான் என்று திட்டுகிறார். கல் அதே கல், கடலும் அதே கடல்.

அப்படியானால் ரகசியமாக எழுதியதுதான் உண்மை, வெளியில் எழுதியது பொய். சரிதானே?

எல்லாரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். நானும் நின்றேன். ஆனால் அந்த ரகசிய நூலைக் கொஞ்சம் தொடர்ந்து படியுங்கள். ராத்திரி அரண்மனையில் பேரரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்து நடந்தாராம், தலையைக் காணோமாம், உடம்பு மட்டும் உலாத்தியதாம். பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று எழுதுகிறார். ஜஸ்டினியன் மனிதனே இல்லை, பேய் என்கிறார். அவர் ஆட்சியில் செத்தவர் கணக்கைப் பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கி, அதை இன்னொரு தரம் பத்தாயிரத்தால் பெருக்கிச் சொல்கிறார். நம் கணக்கில் லட்சம் கோடி. அன்றைக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் அத்தனை தலை கிடையாது.

பயமில்லாமல் எழுதினால் உண்மை தானாக வந்துவிடாது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியில் எழுதும்போது அரசன் தோளுக்குப் பின்னால் நிற்கிறான், உள்ளே எழுதும்போது சொந்த வயிற்றெரிச்சல் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாறாமல் இருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இப்படி யாராவது?

அக்பர் அரசவையில் இரண்டு பேர். ஒருவர் அபுல் ஃபசல், 'அக்பர்நாமா' எழுதியவர். அவர் எழுத்தில் அக்பர் தெய்வ ஒளி இறங்கிய மனிதர், தப்பே செய்யமாட்டார். இன்னொருவர் அப்துல் காதிர் பதாயுனி. அபுல் ஃபசலின் தகப்பனார் ஷேக் முபாரக்கிடம் பாடம் கேட்டவர். இரண்டு பேரும் 1574-இல், ஒரே வருஷத்தில், அரசவைக்கு வந்தார்கள்.

பதாயுனிக்கு வடமொழி நூல்களைப் பாரசீகத்துக்கு மாற்றும் வேலை. மகாபாரத மொழிபெயர்ப்பில் அவருக்குப் பங்கு உண்டு, ராமாயணத்துக்கு நாலு வருஷம் உழைத்தார். தன் மதத்தில் அழுத்தமான பிடிப்புள்ளவர், இந்த வேலையைப் பாவம் என்று நினைத்தார், ஆனாலும் செய்தார், செய்ததற்குச் சன்மானமும் வாங்கினார். வீட்டுக்குப் போய் ரகசியமாக ஒரு வரலாறு எழுதினார். அதில் அக்பர் மார்க்கத்தை விட்டு விலகிப்போன கதையும், அபுல் ஃபசல் துதிபாடி மேலே ஏறிய கதையும் பக்கம் பக்கமாக வருகின்றன. அக்பர் 1605-இல் இறந்த பிறகு, ஜஹாங்கீர் காலத்தில்தான் அது வெளியே வந்தது.

சரி, இனி சுவாரசியமான பகுதி. இரண்டு பேருக்கும் தொடக்கத்தில் ஒரே தரத்துப் பதவிதான், இருபது குதிரை வீரருக்குத் தலைவன் என்ற சின்னப் பதவி. அபுல் ஃபசல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போய்விட்டார். நான் அனுபவம் இல்லாமல் விட்டுவிட்டேன் என்று பதாயுனியே எழுதுகிறார். மானிய நிலத்தோடு நின்றுபோனவர் அவர். மேலே போனவனைப் பற்றிக் கீழே நின்றவன் எழுதிய கணக்கு இது என்பதை மனசில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்காகத் தூக்கிப்போட்டுவிட முடியாது, அக்பர் அரண்மனையில் நடந்த மத விவாதங்களின் சூடு அபுல் ஃபசலிடம் கிடைக்காது, இவரிடம் கிடைக்கும்.

மேலே ஏறியவருக்கும் நல்ல முடிவு இல்லை. 1602-இல் அபுல் ஃபசலை வழிமறித்துக் கொன்றார்கள், ஏவியது இளவரசர் சலீம். அவர்தான் பிற்பாடு ஜஹாங்கீர்.

தமிழில் ரகசிய வரலாறு எழுதினவர் கிடையாதா?

உண்டு. ரகசியம் என்பதைவிடச் சொந்தக் குறிப்பு என்று சொல்வது சரி. புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர், ஆலோசகர் எல்லாம் சேர்த்து ஒரே ஆள். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 25 வருஷம், நாட்குறிப்பு எழுதினார். அவர் கண்மூடிச் சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஆளுநரை நேரில் எப்படிப் புகழ்ந்தேன் என்பதையும் அவரே எழுதி வைக்கிறார். சபையில் பேசினதும் அங்கேயே இருக்கிறது, வீட்டில் புலம்பினதும் அங்கேயே இருக்கிறது. டூப்ளேயின் மனைவியை அவருக்கு அறவே பிடிக்காது. 1748-இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோது அந்த அம்மாள் மேல்தான் குற்றத்தைப் போடுகிறார். ஆனால் அந்த நிர்வாகத்தில் தலைமைத் துபாஷியாக உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். பதவியை விடவில்லை. அந்த இடத்தை வாசித்தபோது எங்கள் ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "விட்டுட்டு வந்தா வீட்டுல அடுப்பு எரியுமா?" என்றார். ஆசிரியர் சங்கத்திலும் கல்வி இலாகாவிலும் முப்பது வருஷம் பார்த்தவர், சொல்லலாம்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஆனந்தரங்கப்பிள்ளை மேலேயே புலவர்கள் கோவை, சம்பு என்று புகழ் நூல்கள் பாடியிருக்கிறார்கள். மேலே புகழ்ந்துகொண்டு கீழே புகழ் வாங்கிக்கொண்டிருந்தவர்.

சங்கப் புலவர்கள்? அவர்களும் பரிசிலுக்குப் பாடியவர்கள்தானே?

பரிசிலுக்குத்தான். ஆனால் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, சபையிலேயே சொல்லிவிடும் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவன் ஆயுதசாலையைப் பார்க்கிறார். உன் வேலெல்லாம் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று மாளிகையில் இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூறு 95. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போன பிறகுதான் எரியும். வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளியில் படித்தோமே, அதுதான்.

ராஜேந்திர சோழன் நம்ம கெடாவைப் பிடித்ததை எழுதியவர்கள் நேர்மையாக எழுதினார்களா?

பீடோங்கில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். ஜெராய் மலை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பழைய கோயில் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு மோட்டாரில் போகிற தூரம்.

1025-இல் நடந்த கடற்படையெடுப்பை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அலைகடல் நடுவில் பல கலம் செலுத்தி, சங்கிராம விசையோத்துங்கவர்மன் என்ற கடாரத்து (கடாரம் என்பது நம்ம கெடாவின் பழைய பெயர்) அரசனைப் பிடித்து, ஸ்ரீவிஜயம் தொடங்கிக் கடாரம் வரை பதின்மூன்று ஊர்களின் பெயர்களை அடுக்குகிறது. ஏன் போனான், எத்தனை பேர் செத்தார்கள், பிடித்தபின் யார் ஆண்டார்கள், ஒரு சொல் கிடையாது. கல்வெட்டின் தலைப்பில் பாடுகிற பாட்டு அது, கேள்விக்குப் பதில் சொல்ல எழுதியது இல்லை.

ஆனால் அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பு அதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியது, ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை அதற்குத் தானமாகக் கொடுத்தான். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் ராஜேந்திரனே. அந்தச் செப்பேட்டில் கடாரத்தரசன் மரியாதைக்குரிய நண்பன். மெய்க்கீர்த்தியில் அகப்பட்ட எதிரி. புலவனுடைய மனசில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை, பெயரே இல்லாத புலவன். இரண்டு ஆவணத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிகிறது.

மலாய் அரசவையில் சோழனைப் பற்றி என்ன எழுதினார்கள்?

மலாய் அரசர்களின் பழைய வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் ராஜா சூரான் என்று ஒருவர் கலிங்கத்திலிருந்து படையோடு வருகிறார். சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வழியில் கங்கா நகராவை ஜெயிக்கிறார், சீனா வரை போகப்போகிறார். தெமாசெக்கில், அதாவது பழைய சிங்கப்பூரில், ஒரு பழைய கப்பல் வந்து நிற்கிறது, உள்ளே பல் விழுந்த கிழவர்கள், துருப்பிடித்த ஊசிகள், காய்த்த மரங்கள். சீனாவிலிருந்து கிளம்பும்போது நாங்கள் சின்னப் பையன்கள், இந்த ஊசியெல்லாம் கை தடிமன் இரும்புக் கம்பி, மரமெல்லாம் விதை என்கிறார்கள். அவ்வளவு தூரமா என்று ராஜா சூரான் திரும்பிவிடுகிறார். சோழன் கல்லில் பதின்மூன்று ஊர் வெட்டினான், இங்கே அவனைக் கிழவர்கள் ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதே நூல் சொந்த அரசர்களைக் குறை சொல்கிறதா? அது அரசவை நூல்தானே?

அரசவை நூல்தான், ஆனால் உள்ளே நிறைய இருக்கிறது. 1612-இல் ஜொகூர் அரச குடும்பத்தின் கட்டளைப்படி தொகுத்தவர் என்று துன் ஸ்ரீ லானாங்கைச் சொல்வார்கள். அவரே பெண்டஹாரா, முதலமைச்சர் மாதிரி. மெலாக்காவின் பழைய பெண்டஹாரா குடும்பம்.

அதில் 1510 வாக்கில் நடந்த துன் முத்தாஹிர் கதை வருகிறது. நமக்கு நெருக்கமான கதை, ஏனென்றால் உள்ளே இருக்கிறவர்கள் நம்மவர்கள். நீனா சூரா தேவனா என்று வணிகர் தலைவர், ராஜா முதலியார் என்று துறைமுக அதிகாரி, இரண்டு பேருக்கும் தகராறு. நீனாவுக்குக் கடன்பட்ட கித்தூல் என்பவன் முதலியாரிடம் போய், உன்னைத் தீர்த்துக்கட்டப் பெண்டஹாராவுக்கு நீனா லஞ்சம் கொடுத்துவிட்டான் என்று கோள் மூட்டுகிறான். முதலியார் கடற்படைத் தலைவரான லக்சமானாவிடம் போய்ப் பெண்டஹாரா ராஜத்துரோகம் செய்யப்போகிறார் என்கிறார். லக்சமானா சுல்தானிடம். சுல்தான் மஹ்மூத் விசாரிக்கவே இல்லை. பெண்டஹாராவின் மகள் துன் ஃபாத்திமாவின் அழகைத் தன்னிடம் சொல்லாமல் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார் என்ற மனத்தாங்கல் ஏற்கெனவே அவருக்கு இருந்தது. பெண்டஹாராவையும் குடும்பத்து ஆண்களையும் கொன்றார்கள். அடுத்த வருஷம், 1511-இல், போர்ச்சுக்கீசியர் மெலாக்காவைப் பிடித்தார்கள்.

எழுதியவர் சுல்தானை ஒரு இடத்திலும் திட்டவில்லை. மலாய்க்காரன் துரோகம் செய்யமாட்டான் என்று பெண்டஹாரா வாளை எடுக்காமல் சாகிறார். படிக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொன்று, அதே துன் முத்தாஹிர் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் உடை மாற்றும் சிங்காரப் பிரியர் என்பதையும் ஒளிக்கவில்லை. தன் குடும்பத்துப் பெரியவரையும் முழுத் தெய்வமாக்காமல் விட்டதால்தான் எனக்கு இந்த எழுத்தின் மேல் நம்பிக்கை.

அரசனே படிக்கக் கூடாது என்று சட்டம் வைத்த இடம் உண்டா?

கொரியாவின் ஜோசோன் அரசு. குறிப்பெழுதுகிறவர் அரசனுடன் எப்போதும் இருப்பார், அவர் எழுதியதை அரசன் பார்க்கக் கூடாது, அரசன் இறந்த பிறகே தொகுப்பார்கள். 1404-இல் மன்னர் தேஜோங் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்தவுடன், குறிப்பெழுதுகிறவருக்குத் தெரியவேண்டாம் என்றார். விழுந்ததும் அப்படிச் சொன்னதும் இரண்டும் வரலாற்றில் ஏறிவிட்டன. எப்போதும் இவ்வளவு சுகமாக முடியவில்லை. 1498-இல் யோன்சான்குன் மன்னன் வரைவுக் குறிப்பில் தன் முன்னோரைக் குத்திய வரிகள் இருப்பது தெரிந்து எழுதியவர்களைக் கொன்றான்.

முன்ஷி அப்துல்லா இந்தப் பட்டியலில் வருவாரா?

வருவார், கொஞ்சம் குறுக்காக. தமிழ், அரபு வம்சாவளியில் மெலாக்காவில் பிறந்த மலாய் எழுத்தாளர். 1838-இல் கிளந்தானுக்குப் போன பயணத்தை எழுதும்போது மலாய் ராஜாக்களை வெளிப்படையாகவே கண்டித்தார். தன்னை எழுத்தராக வைத்துக்கொண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸைப் பற்றி எழுதும்போது குரல் குழைகிறது. அவருக்குச் சம்பளம் வந்த திசையைப் பாருங்கள், விளங்கும்.

போன வருஷம் கோயில் திருவிழா மலரில் நீங்களே ஒய்பியை (நம்ம தொகுதி மக்கள் பிரதிநிதியை) "மக்கள் மனங்களில் மங்காத சுடர்" என்று எழுதினீர்களே?

எழுதினேன். கேட்டவர் யார் என்றும் தெரியும். மலருக்கு அச்சுச் செலவு அவர் அலுவலகம் கொடுத்தது, கமிட்டித் தலைவர் பின்னட்டையில் படத்தோடு ஒரு பக்கம் வேண்டும் என்றார், ராத்திரி பதினொரு மணிக்குத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கோயில் பாதைக்குத் தார் போடுவதாகச் சொன்னது பற்றி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். இன்னும் தார் வரவில்லை. அதையும் இங்கே எழுதிவிட்டேன், போதுமா?

உங்கள் தாத்தாவின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

பழைய செக்ரோல் புத்தகம், பின்பக்கத்திலிருந்து பென்சிலில் எழுதியது. 1961-இல் துரைக்கு அவர் எழுதிய பத்திரத்தின் கார்பன் நகலும் அதற்குள்ளேயே மடித்து இருக்கிறது. பத்திரத்தில் துரை "கருணைக் கடல்". நோட்டில் அதே மாதம்: "துரை இன்றும் தீம்பார் (மரம் சீவும் காடு) பக்கம் வரவில்லை. மழை. பாலில் தண்ணீர் என்று எட்டுப் பேருக்குக் கழித்தார். பார்க்காமலே." இது மாதிரி நாற்பது ஐம்பது பக்கம்.

நான் முதலில் படித்தபோது, இதோ உண்மை கிடைத்துவிட்டது என்று குதித்தேன். நோட்டில் அதிகமாகத் திட்டு வாங்குகிறவர் துரையில்லை, பெரிய கிராணி. அரிசி மூட்டையில் கை வைத்தார், பினாங்குக்குப் போய்ச் செலவழித்தார் என்று வரிக்கு வரி. பாட்டியிடம் காட்டினேன். பாட்டி கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "அந்த வேல தனக்குக் கெடைக்கும்னு ஒங்க தாத்தா புதுச் சட்ட தச்சு வச்சிருந்தாரு. கெடைக்கல. மூட்டயெல்லாம் சரியாத்தான் இருந்திச்சு" என்றார். எனக்குச் சட்டென்று பதாயுனி ஞாபகம்தான் வந்தது. ஆனால் எட்டுப் பேருக்குக் கழித்த கணக்கு முன்பக்கத்துச் செக்ரோலிலும் அப்படியே இருக்கிறது, அது யாருடைய கோபமும் இல்லை.

அந்த நோட்டை நாங்கள் பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மேசையில் வைக்கிறேன். கை துடைத்துவிட்டுப் புரட்டுங்கள், தாள் பொடிகிறது. படம் மட்டும் எடுக்காதீர்கள். பெரிய கிராணியின் பேரன் எங்கள் கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர், கதவோரத்து நாற்காலி அவருடையது. அரிசி மூட்டை வரும் பக்கங்களை மட்டும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அவர்தான், "அதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். பால் கணக்கு என்று சொல்லியிருக்கிறேன்.